முந்நூறாவது விளக்கு

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான், அம்மா, அப்பா மூவரும் இங்கே சுகமாக இருக்கிறோம். அங்கே உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மிகவும் விரும்புகிறேன்.

உன் முகவரி அம்மாவின் தையல் பெட்டியில், பாபின்களுக்கு அடியில் இருந்தது. நான் திருடவில்லை. பார்த்து எழுதிக்கொண்டு, அதே மடிப்பில் மடித்து வைத்துவிட்டேன். நீ பதில் போட்டால் எங்கள் பள்ளி நூலக முகவரிக்குப் போடு. நூலக மேடத்திடம் அனுமதி வாங்கியாயிற்று. "ரகசியக் கடிதமா?" என்று கேட்டார். "இல்ல மேடம், அக்கா கடிதம்" என்றேன். "அப்போ சரி" என்று சொல்லிவிட்டார்.

முக்கியமான செய்திக்கு வருகிறேன். நீ போன பிறகு உன் விளையாட்டுப் பெட்டியை அப்பா ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். விடுமுறையில் நான் அதை வெளியே இழுத்தேன். அப்பா பார்த்துவிட்டுச் செய்தித்தாளைப் புரட்டினார். டிவியில் இணைத்ததும் 'விளக்குத் தீவுகள்' திறந்தது. நீ விட்ட இடத்திலேயே படகுக்காரி துறையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு வயதுகூடக் கூடவில்லை. மேல் மூலையில் 291/300 என்று இருந்தது. தொண்ணூற்றேழு சதவீதம்.

நீ படிப்பைப் பாதியில் விட்ட அன்று அப்பா கத்தியது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. "டைப்பிங் பாதி. ஓவிய கிளாஸ் பாதி. ஒரு கை மட்டும் பின்னின ஸ்வெட்டர். இப்ப மூணரை வருஷப் படிப்பு. எதையுமே முழுசா முடிக்கத் தெரியாதவ!" அந்த ஒற்றைக் கை ஸ்வெட்டர் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். மீதி ஒன்பது விளக்கையும் உன் கணக்கிலேயே ஏற்றுவேன். நூறு சதவீதம் வந்ததும் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுவேன். அதற்குப் பிறகு நீ வீட்டுக்கு வரலாம்.

உன் வழிகாட்டி நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அதில் 291 விளக்குக்குத்தான் வழி எழுதியிருக்கிறாய். மீதிக்கு நூலகக் கம்ப்யூட்டரில் யாரோ எழுதிய வழிகாட்டியைப் பார்க்கலாமா? அது பார்த்து எழுதுவது போன்ற குற்றமா? உன் பதிலைப் பார்த்த பிறகே தொடங்குவேன்.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை


ஜூன் 27

அடி புழு,

என்னடி கடிதம் இது! தலைமை ஆசிரியருக்கு லீவு கேட்டு எழுதின மாதிரி இருக்கு. 'அன்புத் தங்கை'ன்னு கையெழுத்து வேற. நீ புத்தகப் புழுதானே, அப்படியே போடு.

நான் நல்லா இருக்கேன். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, குளுகுளுன்னு இருக்கும். நாலு பேர் ஒரு அறையில. சாப்பாடு பரவாயில்லை.

வழிகாட்டி பார்க்கறது குத்தமெல்லாம் இல்லடி. அதை எழுதினவனை நெனைச்சுப் பாரு. ஒவ்வொரு விளக்கா, ஒவ்வொரு பாறை இடுக்கா தனியா தேடி அலைஞ்சிருக்கான். யாருன்னே தெரியாத நமக்காக உட்கார்ந்து எழுதி வெச்சிருக்கான். அதைப் படிச்சா அவனோட கூடப் போற மாதிரி. நானும் முதல்ல அப்படித்தான் ஆரம்பிச்சேன். அப்புறம் எனக்கே நோட்டு போட ஆசை வந்துடுச்சு.

தாராளமா பாரு. ஆனா முடிச்சா அப்பா மாறிடுவார்னு கனவு காணாதே. அவர் லிஃப்ட் ரிப்பேர் பண்றவர். ஒண்ணு மேல போகணும், இல்ல கீழ வரணும். நடுவுல நிக்கறது எதுவும் அவருக்குப் பிடிக்காது.

போன்ல ஏன் பேசறதில்லைன்னு நீ கேட்கலை. கேட்காததுக்கு நன்றி.

அம்மா கண்ணு எப்படி இருக்கு? ஊசி கோர்க்க உன்னைக் கூப்பிடறாங்களா?

அக்கா


ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நூலகத்தில் நான்கு முறை படித்தேன். நாங்கள் நலம். அம்மாவுக்குக் கண்ணில் குறை ஒன்றும் இல்லை, புதுக் கண்ணாடி போட்டாயிற்று. ஊசி மட்டும் நான்தான் கோர்த்துத் தருகிறேன்.

வழிகாட்டியை அச்செடுத்துவிட்டேன். எழுதியவர் மிகவும் கறாரானவர். "வடகிழக்கே நாற்பது அடி. பாறை. ஏறு. விளக்கு." அவ்வளவுதான். நீ எழுதினால் "இந்த இடத்துல அலை சத்தம் நல்லா இருக்கும், ஒரு நிமிஷம் நில்லு" என்றெல்லாம் வரும். அவர் எங்கேயுமே நிற்பதில்லை.

ஆனாலும் 292, 293, 294 மூன்றையும் ஏற்றிவிட்டேன். 294 குகைக்குள் இருந்தது. ஏற்றியதும் கூரையில் நூறு வௌவால்கள் விழித்துக்கொண்டன. நான் கத்தினேன். அம்மா தையல் மெஷினிலிருந்தே "என்னடி, பல்லியா?" என்று கேட்டாள்.

ஒரு வருத்தமான செய்தியும் உண்டு. 294க்குப் பிறகு அந்த வழிகாட்டியில் ஒரே வரிதான் இருக்கிறது: "மீதி ஆறும் பிறகு." அதை எழுதி ஆறு வருடம் ஆகிறது. அவரும் பாதியில் விட்டுவிட்டார்!

நான் கவனித்த இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன். ஒன்று, அம்மா தினமும் மாலையில், "இன்னிக்கு நூலகத்துல புதுசா ஏதாவது வந்துச்சா?" என்று கேட்கிறாள். அம்மா இதுவரை ஒரு புத்தகம்கூடப் படித்ததில்லை. இரண்டு, படிக்கட்டில் யாராவது ஏறி வந்தால் அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்குகிறார். வருகிறவர் நம் தளத்துக்கு வருவதற்கு முன்பே தலையைக் குனிந்துகொள்கிறார். எப்படித்தான் முன்பே தெரிகிறதோ.

உனக்கு லீவு எப்போது கிடைக்கும்? தேதி சொன்னால் நாட்காட்டியில் குறித்துக்கொள்வேன்.

உன் அன்புள்ள,
புழு


ஜூலை 24

அடி புழு,

தாள் தீர்ந்துபோச்சு, கையில கிடைச்சதுல எழுதறேன். சுகம்தான். இங்க நல்ல மழை, துணி காயவே மாட்டேங்குது.

மீதி ஆறும் பிறகுன்னு எழுதிட்டு ஓடிட்டானா? பாவம், நம்ம கட்சி. அவன் வீட்டுலயும் யாராவது கத்தியிருப்பாங்க.

வௌவாலுக்குப் பயந்தியா, சூப்பர். நானும் அந்தக் குகை வாசல் வரைக்கும் போய்ட்டு ரெண்டு தடவை திரும்பி வந்திருக்கேன். யார்கிட்டயும் சொல்லாதே.

ஆறு விளக்கையும் நீயாவே தேடு. நான் ஏதாவது ஞாபகம் வந்தா எழுதறேன்.

அப்பாவுக்கு முட்டி வலி தேவலையா? உயரத்துல ஏறும்போது பெல்ட் போட்டுக்கறாரா?

அக்கா

லீவு பத்தி அப்புறம்.


ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவின் முட்டி பரவாயில்லை. பெல்ட் போடுகிறாரா என்று நேராகக் கேட்டேன். "எதுக்குக் கேக்கறே?" என்றார். "பொது அறிவுக்கு" என்றேன். போடுகிறாராம்.

உன் கடிதத்தின் பின்பக்கத்தைப் படித்தேன். அது படிப்பதற்கு உரியதா என்று தெரியவில்லை, ஆனால் எழுத்து இருந்தால் என்னால் படிக்காமல் இருக்க முடியாது. "படுக்கை விரிப்பு 180, தலையணை உறை 240, கறை உள்ளவை 6" என்று அச்சடித்த கட்டங்களில் எழுதியிருந்தது. தாளில் சோப்பு வாசனையும் வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனியில் எதற்கு இத்தனை தலையணை உறை?

நீ அங்கே என்ன வேலை செய்கிறாய் அக்கா?

உன் அன்புள்ள,
புழு


செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நாங்கள் நலம்.

ஆறு வாரமாகப் பதில் இல்லை. நூலக மேடம் நான் உள்ளே நுழையும்போதே தலையை ஆட்டிவிடுகிறார், நான் கேட்கும் சிரமம் வேண்டாம் என்று. நான் தலையணை உறை பற்றிக் கேட்டது தவறு. அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீ எந்த வேலை செய்தாலும் எனக்குச் சம்மதம்.

ஒரு மர்மம் நடந்திருக்கிறது. பரீட்சை காரணமாக நான் இரண்டு வாரம் பெட்டியைத் தொடவில்லை. நேற்றுத் திறந்தால் 296 என்று காட்டுகிறது! நான் 294இல்தான் நிறுத்தினேன். பெட்டிக்குப் பழுதா? உன் நோட்டும் இருந்த இடத்தில் இல்லை. நான் அகராதிக்கு மேலே வைப்பேன், அது அகராதிக்குக் கீழே இருந்தது. அம்மாவைக் கேட்டேன். "எனக்கு அந்த பட்டனெல்லாம் தெரியுமா? சட்டைக்கு வெக்கற பட்டன்தான் தெரியும்" என்றாள்.

அம்மா இப்போது "நூலகத்துல புதுசா வந்துச்சா" என்று கேட்பதில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஊசியை நீட்டுகிறாள்.

ஒரே ஒரு வரியாவது எழுது.

புழு


அக்டோபர் 20

புழு,

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. இடது கையில எழுதறேன்.

நல்லா இருக்கேன். நீ கேட்டது தப்பே இல்லை. இது ஆஸ்பத்திரித் துணி துவைக்கற சலவைக்கூடம். விரிப்பைச் சூடான உருளைக்குள்ள விட்டா இஸ்திரி ஆகி வெளிய வரும். அந்த மெஷின்ல ஒரு சின்னத் திரையில பச்சை எழுத்து ஓடும். நான் சொன்ன கம்ப்யூட்டர் அதுதான். உருளைக்கிட்ட வலது கட்டை விரல் கொஞ்சம் மாட்டிக்கிச்சு. ஆறிட்டு வருது. அம்மாகிட்ட சொல்லாதே.

சும்மா படுத்துக்கிடந்தப்ப தீவெல்லாம் ஞாபகம் வந்துச்சு. ஒரு விளக்கு பார்த்திருக்கேன்டி, ஏத்தாமலே வந்துட்டேன். வழி சொல்றேன், எழுதிக்கோ.

வடக்குத் துறையில இறங்கி நேரா நட. இடது பக்கம் மூணாவது சந்து. மரக்கடை தாண்டினா பச்சைக் கதவு. உள்ள இருட்டுப் படிக்கட்டு. எட்டாவது படி ஆடும், அதைத் தாண்டிடு. அப்படியே மொட்டை மாடிக்குப் போ. தண்ணித் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு ஆள் உட்காரற அளவு இடம் இருக்கும். காத்து நல்லா வரும். அங்கதான்.

கை வலிக்குது. வெக்கறேன்.

அக்கா


நவம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

விரல் ஆறிவிட்டதா? தினமும் அதைத்தான் நினைக்கிறேன். மற்ற மூவரும் நலம்.

மூன்று வாரம் தேடினேன். வடக்குத் துறையில் நூறு தடவை இறங்கியிருப்பேன். மூன்றாவது சந்து இருக்கிறது. மரக்கடை இல்லை. பச்சைக் கதவும் இல்லை. அந்தத் தீவில் மாடி வீடே கிடையாது. உன் நோட்டில் ஒரு தவறுகூட நான் பார்த்ததில்லை. அதனால் நான்தான் சரியாகத் தேடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று மாலை கடைக்குப் போய்த் திரும்பியதும், காயப்போட்ட துணியை எடுக்கத் தெருக்கதவிலிருந்தே நேராக மொட்டை மாடிக்கு ஏறினேன். ஏறும்போது எட்டாவது படி டக்கென்று ஆடியது.

நான் அங்கேயே நின்றுவிட்டேன் அக்கா. வீட்டுக்காரர் போன மாதம்தான் தெருக்கதவுக்குச் சாம்பல் நிறம் அடித்தார். அதற்கு முன்பு அது பச்சை. எதிரே மரக்கடை. பேருந்து நிறுத்தத்திலிருந்து இடது பக்கம் மூன்றாவது சந்து நம்முடையது. நீ தீவுக்கு வழி சொல்லவில்லை. படுத்துக்கொண்டே நம் வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறாய். அது உனக்கே தெரியவில்லை.

நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். அங்கே விளக்கு இல்லை. அப்பா இருந்தார்.

சுவரில் சாய்ந்து, மூக்குக் கண்ணாடி போட்டு, உன் நோட்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

"துணி எடுக்க வந்தியா?" என்றார்.

"இல்லப்பா. விளக்கு தேடி வந்தேன்."

"இங்கயா?"

"அக்கா எழுதியிருக்கா."

அந்தச் சொல்லை வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பதினொரு மாதம் ஆகிறது. அப்பா கையை மட்டும் நீட்டினார். நான் உன் கடிதத்தைக் கொடுத்தேன். மூன்று தடவை படித்தார்.

"எழுத்து ஏன் கோணலா இருக்கு?"

விரலைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சொல்லாதே என்றுதான் எழுதியிருந்தாய், அப்பாவைப் பற்றி எழுதவில்லை. அவர் தன் கட்டை விரலை ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். பிறகு நோட்டைத் திருப்பி என்னிடம் காட்டினார்.

"இருநூத்தி நாற்பதாவது விளக்குக்கு 'குரங்கு மாதிரி தொத்து'ன்னு எழுதியிருக்கா. அது எந்த பட்டன்?"

மர்மம் தீர்ந்தது அக்கா! 295, 296 இரண்டும் அப்பா ஏற்றியவை. இரவு ஷிஃப்ட் முடிந்து பகலில் வீட்டில் இருந்த நாட்களில், நான் பள்ளியிலும் அம்மா கடைத்தெருவிலும் இருக்கும்போது ஆடியிருக்கிறார். முதலில் உன் நோட்டைப் படிக்கத்தான் எடுத்தாராம். "நல்லா எழுதியிருக்கா. என்கிட்ட வேலை கத்துக்கற பசங்களுக்கு இந்த மாதிரி ஒண்ணு இருந்தா எவ்வளவோ உதவியா இருக்கும்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

உன் புழு


டிசம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? நீ பதில் எழுதவில்லை. கையா, கோபமா என்று தெரியவில்லை. கை என்றால் சீக்கிரம் குணமாகட்டும். கோபம் என்றால் அதுவும் அப்படியே.

இப்போது 299.

அப்பாவின் முறை வேறு. வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்துக்கொண்டே வருகிறார். "மாடி மாடியா பார்த்தா பழுது எங்க ஓடிடப் போகுது?" என்கிறார். பட்டனை அவர் அழுத்தும் அழுத்தில் படகுக்காரி அடிக்கடி கடலில் விழுகிறாள். "ஐயோ, தள்ளி விட்டுட்டீங்களே!" என்று அம்மா பின்னாலிருந்து கத்துகிறாள். ஏற்றிய ஒவ்வொரு விளக்குக்கும் அப்பா உன் நோட்டில், உன் எழுத்துக்குக் கீழே எழுதுகிறார். "விளக்கு 299. கிணற்றின் உள்சுவர். பரிசோதிக்கப்பட்டது. நல்ல நிலையில் இயங்குகிறது." அலுவலகத்துக்கு எழுதும் அறிக்கை அவருக்கு அப்படியே கை வந்துவிட்டது.

முந்நூறாவதைப் போன ஞாயிற்றுக்கிழமை கண்டுபிடித்தோம். தெற்குப் பாறையின் அடியில், தண்ணீர் வற்றும்போது மட்டும் தெரிகிறது. அப்பா படகை அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரே ஒரு பட்டன்தான் பாக்கி. நான் "அழுத்துங்கப்பா!" என்று குதித்தேன்.

அவர் அழுத்தவில்லை. அங்கேயே சேமித்துவிட்டுப் பெட்டியை அணைத்தார்.

"ஏம்ப்பா?"

"அது அவளுது" என்றார்.

அதற்குப் பிறகு சாப்பிடும்போது, யாரையும் பார்க்காமல், "நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். எதை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

நூறு சதவீதம் ஆனால் நீ வரலாம் என்று ஜூன் மாதத்தில் எழுதினேன். நான் தலைகீழாக நினைத்திருக்கிறேன். நீ வந்தால்தான் நூறு ஆகும். அதனால் ஒரு வழிகாட்டி எழுதியிருக்கிறேன். உன்னுடையது போல் நன்றாக இருக்காது.

வீட்டுக்கு வரும் வழி

1. ஞாயிற்றுக்கிழமை வா. அப்பாவுக்கு விடுமுறை.

2. நிறுத்தத்தில் இறங்கி, இடது பக்கம் மூன்றாவது சந்து. மரக்கடைக்காரர் "அடடே, எங்கம்மா ஆளையே காணோம்?" என்பார். நிற்காதே. நின்றால் அரை மணி நேரம் போய்விடும்.

3. கதவு இப்போது சாம்பல் நிறம். பயப்படாதே, உள்ளே எல்லாம் பழையபடிதான்.

4. அப்பா முதலில் உன்னைப் பார்க்க மாட்டார், செய்தித்தாளைப் பார்ப்பார். அது பழைய செய்தித்தாள். "பஸ்ல கூட்டமா?" என்று கேட்பார். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல். எது சொன்னாலும் சரியான விடைதான்.

5. அம்மா அழுவாள். அதற்கு எந்தப் பட்டனும் இல்லை. முடியும் வரை காத்திரு.

6. விரலைக் காட்டச் சொல்வார்கள். மறைக்காதே.

7. பெட்டியின் முன்னால் உட்கார். நோட்டில் முந்நூறாவது வரி காலியாக இருக்கிறது. பேனா அகராதிக்கு மேலே இருக்கும்.

புழு


ஜனவரி 8

புழு,

நான் நல்லா இருக்கேன். நிஜமாவே. கட்டை விரல் வளையுது, பட்டன் அழுத்தற அளவுக்கு.

பதில் எழுதணும்னு பத்து தாள் கிழிச்சேன். நவம்பர் கடிதத்தைப் படிச்சப்புறம் என்ன எழுதறதுன்னு தெரியலை. எங்க அறையில இருக்கற மூணு பேருக்கும் உன் வழிகாட்டியைப் படிச்சுக் காட்டினேன். அஞ்சாவது வரியில ஒருத்தி எழுந்து வெளிய போயிட்டா. அவளும் வீட்டுக்குப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு.

படிப்பை முடிப்பேனான்னு கேட்டா என்கிட்ட விடை இல்லை. அந்த ஸ்வெட்டருக்கு இன்னொரு கை பின்ன மாட்டேன், அதையும் இப்பவே சொல்லிடறேன்.

வழிகாட்டியில ஒரே ஒரு விஷயம் விட்டுப்போச்சு. எட்டாவது படி இன்னும் ஆடுதா?

அக்கா


ஜனவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீ நலம் என்று 'நிஜமாவே' எழுதியிருந்ததை நான் படித்துக் காட்டியதும், அம்மா இரண்டு முறை "நிஜமாவேன்னுதானே போட்டிருக்கா?" என்று கேட்டாள்.

இந்த முறை நீ நூலக முகவரி எழுதாமல் வீட்டு முகவரியே எழுதிவிட்டாய். தபால்காரரிடம் அப்பாதான் வாங்கினார். உறை என் பெயருக்கு வந்ததால் அவர் பிரிக்கவில்லை. விளையாட்டுப் பெட்டிக்கு மேலே நிறுத்தி வைத்துவிட்டு, நான் பள்ளியிலிருந்து வரும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

உன் கேள்விக்குப் பதில்: ஆடுகிறது.

அம்மா தினமும் திட்டுகிறாள். "ஊர்ல இருக்கற லிஃப்ட்டெல்லாம் சரி பண்றீங்க, வீட்டுப் படி ஒண்ணைச் சரி பண்ண முடியலையா?" ஒரு ஆணி, பத்து நிமிட வேலை. அப்பா செய்யவே மாட்டேன் என்கிறார். ஏன் என்று எனக்கு ரொம்ப நாளாகப் புரியவில்லை. நேற்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் காது கொடுத்துக் கேட்டேன். மேல் வீட்டு மாமா ஏறினார். ஏழு, டக், ஒன்பது. பால் போடுகிறவர் ஏறினார். ஏழு, டக், ஒன்பது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எல்லோரும் அந்தப் படியை மிதித்துத்தான் வருகிறார்கள். அதைத் தாண்டுகிறவள் நீ ஒருத்திதான்.

அதனால் வழிகாட்டியில் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் இதைச் சேர்த்துக்கொள்: எட்டாவது படியை மிதிக்காதே. தாண்டு. நீ கதவைத் தட்ட வேண்டியிருக்காது.

புழு